பிரேமலதாவின் சாட்சி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஜெர்ரி அந்த வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டான். எடுத்து என்ன பயன்? அதற்குள் பதினோராயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. சபையின் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை சுற்று சுற்றியது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சபையில் அறுப்புப் பண்டிகை. பூசணிக்காயும் வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் ஏலம் போன பிறகு, சாட்சி சொல்கிறவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். ஜெர்ரியின் அம்மா பிரேமலதா பதினோரு வருஷமாக அறுப்புப் பண்டிகைக்கு அறுப்புப் பண்டிகை தவறாமல் சொல்லும் சாட்சியை அன்றும் சொன்னாள். என் மகளுக்கு வலிப்பு வந்தது, இரண்டு முறை மரண வாசல் வரைக்கும் போனாள், ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இந்த வருஷம் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. அந்த மகள்தான் இப்போது விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாள்.

சபை முழுக்கக் கை தட்டியது. சபையின் யூடியூப் சானலைப் பார்த்துக்கொள்கிறவன் ஜெர்ரி. தங்கச்சி மேல் உள்ள பெருமையில் வீடியோவுக்கு 'வலிப்பிலிருந்து விமானம் வரை' என்று தலைப்பு வைத்தான். நல்ல தலைப்புதான், யாருக்கு வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

தபிதாவை இதுவரை பார்க்காதவர்களுக்காக நாலு வரி. வயது இருபது. ஆந்திரத்துப் பிளஸ் டூவான இன்டரில் கணக்கு குரூப், கணக்கிலும் பிசிக்ஸிலும் நல்ல மார்க். ரேணிகுண்டா ஏர்போர்ட் கவுண்டரில் நின்று ஒரு வருஷம் மற்றவர்களின் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டினாள். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, நான் பைலட் ஆகப் போகிறேன் என்றாள்.

பைலட் லைசென்ஸ், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எட்டுப் போட்டுக் காட்டி வாங்குவதில்லை. இருநூறு மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். வழி கண்டுபிடிப்பது, வானிலை, விதிமுறை, இயந்திரம் என்று எழுத்துப் பரீட்சைகள். ரேடியோவில் பேசுவதற்குத் தனிப் பரீட்சை. பயிற்சிப் பள்ளி கேட்டது ஐம்பத்தெட்டு லட்சம். அது முடிந்ததும், விமானக் கம்பெனி வைத்திருக்கும் பெரிய விமானத்தை ஓட்டப் பழக இன்னொரு பதினைந்து இருபது. இத்தனைக்கும் முன்னால், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். முதலில் இரண்டாம் கிளாஸ் மெடிக்கல், அதன் பிறகு முதல் கிளாஸ் மெடிக்கல். முதல் கிளாஸ் கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இரண்டாம் கிளாஸைத் தபிதா ஒன்றரை மாதம் முன்பு திருப்பதியில் டாக்டர் கோவர்த்தனனிடம் முடித்துவிட்டாள். முதல் கிளாஸ் வருகிற திங்கட்கிழமை, பெங்களூரில்.

திருப்பதியில் கொடுத்த ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. வலிப்போ மயக்கமோ எப்போதாவது வந்ததுண்டா? தபிதா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் வந்ததையெல்லாம் யார் கணக்கில் வைப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அவருடைய கிளினிக்கில் சீட்டு எழுதும் கீர்த்தி வீடியோவைக் காட்டியிருக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு உன் அம்மாவை அழைத்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

அப்பா கிருபானந்தம் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அவருக்கு அன்று வேறு வேலை. வேலூர் ரோட்டில் இருந்த மனையை ரவி என்கிற அரிசி மில்காரருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடிந்ததும் கையெழுத்து என்று ரவி சொல்லியிருந்தார். மனை கைமாறினால்தான் பயிற்சிப் பள்ளிக்கு முதல் தவணை. சனிக்கிழமைக்குள் தவணை போகாவிட்டால் தபிதாவின் இடம் வேறு ஆளுக்கு. மெடிக்கலை முடித்துவிட்டுப் பணம் கட்டலாமே என்று நமக்குத் தோன்றும். தபிதாவும் கேட்டுப் பார்த்தாள், பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை.

கிருபானந்தத்துக்கு மனைவியின் சாட்சி எப்போதும் ஒரு வேடிக்கைதான். ஒன்றை இரண்டாக்கிச் சொல்கிறாள், இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் தபிதா செத்துப் பிழைத்தாள் என்றே சொல்லிவிடுவாள் என்று உறவுக்காரர்கள் எதிரிலேயே கிண்டல் செய்வார். பிரேமலதா சிரித்து மழுப்பிவிடுவாள். இன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

"வந்தது ஒரே தபா. மூணு வயசுல, காய்ச்சல்ல. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கினு ஓடினேன், எனக்குத் தெரியாதா? சபையில நீ சேர்த்துச் சொன்னத டாக்டர்கிட்ட கழிச்சிச் சொல்லிடு. அவரு சரின்னாருன்னா எனக்கு ஒரு போன் போடு. அப்புறம்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

பிரேமலதா தலையை ஆட்டினாள். புடவையின் தோள் மடிப்பில் பின்னைக் குத்த அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று. ஜெர்ரி யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியில் அம்மாவையும் தங்கச்சியையும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான்.

திருப்பதி பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பூதலப்பட்டு தாண்டியதும் தபிதா ஆரம்பித்தாள். அவள் கோபம் உரத்துப் பேசாது, அடுக்கிக்கொண்டே போகும். ஏர்போர்ட் வேலையை விட்டது, ராத்திரியும் பகலும் வானிலைப் புத்தகத்தைப் புரட்டியது, நைனா மனையை விற்பது, இவ்வளவும் அம்மா கைதட்டல் வாங்குவதற்காகப் போய்விடும் போலிருக்கிறது என்றாள். நாலு பேர் அல்லேலூயா சொல்ல வேண்டும் என்பதற்காக என் உடம்பில் இல்லாத நோயைச் சொல்வாயா என்று கேட்டாள்.

பிரேமலதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைதட்டலுக்காகச் சொன்னேனா என்று ஒரு தடவை கேட்டாள். சந்திரகிரி வரும்போது பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினாள். தபிதா வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கே அப்புறம் தோன்றியது.

டாக்டர் கோவர்த்தனன் விமானப்படையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மேஜை மேல் ஒரு காகிதம்கூட கோணலாக இருக்காது. தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கு, சித்தூர்க்காரர்களிடம் தமிழ். கத்துவார் என்று தபிதா பயந்தாள். அவர் கத்தவில்லை, அவளுடைய ஃபாரத்தை எடுத்து அந்த டிக்கின் மேல் பேனாவை வைத்தார்.

தப்பான தகவல் கொடுத்து லைசென்ஸ் வாங்கினால், பத்து வருஷம் கழித்துத் தெரிந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார். இதில் என் கையெழுத்தும் இருக்கிறது, எனக்கும் பதில் சொல்கிற கடமை உண்டு என்றார். ஐந்து வயதுக்குள், காய்ச்சலோடு, ஒரே ஒரு தடவை வந்திருந்தால், அதை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்தால், பெரும்பாலும் தடையாக இருக்காது. அதற்கு மேல் என்றால் நரம்பு டாக்டர், மூளைப் பரிசோதனை என்று போகும். அது தன் கையில் இல்லை. மூன்று வயதில் காய்ச்சலில் வந்தது, மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள் என்று தபிதா சொன்னாள். பதினேழு வருஷத்துப் பழைய சீட்டு அங்கே கிடைக்காது, அதனால் தாயின் வாக்குமூலம்தான் ஆதாரம் என்றார்.

பிறகு பிரேமலதாவைப் பார்த்தார்.

"வீடியோவுல ரெண்டு தடவைன்னு சொன்னீங்க. ரெண்டுக்கும் தேதி வேணும்மா. இது சர்ச் இல்ல, இங்க தேதி இல்லாம எதுவும் எழுத முடியாது."

பிரேமலதா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். தபிதா அம்மாவின் வாயையே பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

"மூணு வயசுல ஒரு தபா வந்துச்சிங்க. நல்ல காய்ச்சல். நூத்தி நாலு."

"இன்னொண்ணு?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"ஏங்க டாக்டரு, காய்ச்சல் இல்லாம வந்திருந்தா இன்னாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படி வந்தால் அது வேறு ரகம் என்றார். பல வருஷம் சும்மா இருக்கும், தூக்கம் கெட்டு உடம்பு களைத்த ஒரு நாளில் மறுபடி வந்தாலும் வரும், பைலட் வேலையில் தூக்கம் கெடாத வாரமே கிடையாது. பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை ஒரு தடவையோடு விடுவதில்லை, வேலையில் இருக்கும்வரை வருஷா வருஷம் மெடிக்கலில் கேட்பார்கள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க." பிரேமலதா மகளைப் பார்த்தாள். தபிதாவின் இரண்டு கைகளும் மடியில் கோத்தபடி இருந்தன. நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தாள். "ஒரு தபாதாங்க வந்தது. சபையில நான் கூட்டிச் சொல்லிட்டேன்."

கீர்த்தி அதை இங்கிலீஷில் டைப் செய்தாள். மூன்று வயதில், கடும் காய்ச்சலில், ஒரே முறை, அதன் பிறகு எப்போதும் இல்லை. டாக்டர் அதைத் தமிழில் சொல்லி, சரியா என்று கேட்டார். சரி என்றாள். தமிழில் கையெழுத்துப் போட்டாள். 'பிரேமலதா' என்பதில் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய் நின்றது. டாக்டர் பழைய டிக்கை அடித்து 'ஆம்' என்று திருத்தி, விவரம் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார். திங்கட்கிழமை பெங்களூரில் இதையே காட்டு, மாற்றிப் பேசாதே என்று தபிதாவிடம் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் தபிதா அப்பாவுக்கு போன் போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. ரிஜிஸ்ட்ரார் ஆபீசில்தான் இருக்கிறேன், ராகு காலம் முடியட்டும், ரவி காபி வாங்கிக் கொடுத்தார் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். தபிதாவுக்குப் பசி வந்துவிட்டது. காலையிலிருந்து இறங்காத சாப்பாடு இப்போது இறங்கியது. பூரி கிழங்கை வழித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அம்மாவின் இலையில் தோசை வைத்தது வைத்தபடி இருந்தது.

பஸ்ஸில் பேசிய பேச்சு தபிதாவை உறுத்தியது. அவள் மோசமான பெண் இல்லை. அவசரக்காரி, அவ்வளவுதான்.

"ஏம்மா, துன்னும்மா. பஸ்ஸுல நான் பேசினத மனசுல வெச்சிக்காத. வெளி ஆளு முன்னாடி உன் சாட்சிய நீயே பொய்யின்னு சொன்ன பாரு, அது எனக்காகத்தான சொன்ன? ஞாயித்துக்கிழமை சபையில எவனாச்சும் சிரிச்சா நான் எழுந்திருச்சி கேப்பேன். உன்கூடவே உக்காந்திருப்பேன்."

அதைக் கேட்டதும் பிரேமலதாவின் முகம் கலைந்துவிட்டது. மகள் திட்டியதைக்கூடத் தாங்கியவள், இந்த நன்றியைத் தாங்க முடியாமல் அழுதாள்.

"நைனாவுக்கு போன் போடு. கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு."

"இன்னாம்மா சொல்ற?"

"போடு பாப்பா. சீக்கிரம் போடு."

மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. தபிதா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குள் போனை எடுத்தால் குமாஸ்தா முறைப்பான் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது தடவையும் போட்டாள், எதற்கு என்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

பிரேமலதா தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையில் மொட்டை போட்டுக்கொண்ட ஒரு குடும்பம் லட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் காதில் விழாத குரல்.

தபிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. தசரா லீவு. திருமலையில் பிரம்மோற்சவம், சித்தூர் டிப்போ ஆட்களைப் பத்து நாள் ஸ்பெஷல் டூட்டியில் திருப்பதிக்கு அனுப்பியிருந்தார்கள். கிருபானந்தம் வீட்டில் இல்லை. ஜெர்ரி கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். மத்தியானம், சமையலறையில், கையில் தட்டோடு நின்ற குழந்தை அப்படியே சாய்ந்தாள். காய்ச்சல் இல்லை. தும்மல்கூட இல்லை. வாய் கோணி, உதடு நீலமாகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எவ்வளவு நேரம் என்று பிரேமலதாவால் சொல்ல முடியவில்லை. அடுப்பில் கொதித்த பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, தீய்ந்து நாறும்வரை.

"ஆண்டவரே, இவள எழுப்பிக் குடுத்துடு, நான் உயிரோட கீற வரைக்கும் வருஷா வருஷம் உன் சபையில சொல்றேன்னு வேண்டிக்கினேன். எழுப்பிக் குடுத்துட்டாரு. சொல்லாம எப்படி இருப்பேன்?"

எந்த வருஷம் என்று மட்டும் அவள் சபையில் சொன்னதில்லை. பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் ஊர் என்ன பேசும் என்ற பயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் இல்லை. பிழைக்கவைத்தவரை நம்பாமல் மாத்திரையை நம்பினால் அவர் கையை விட்டுவிடுவார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளே நினைத்துக்கொண்டாள். கணவரிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. சபையில் சொன்னால் அவர் கேட்டுப் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். அவர் கேட்டார், சிரித்தார். கதையைக் கூட்டிவிட்டாயே பிரேமா என்றார். அதோடு அவள் விட்டுவிட்டாள்.

தபிதாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ஈரத் தரையில் கண் விழித்தது. நாக்கு கடிபட்டு ஒரு வாரம் சாப்பாட்டில் காரம் பட்டால் எரிந்தது. வழுக்கி விழுந்துட்டடி என்று அம்மா சொல்லித் தந்தது. அந்த வாரமே அவளுடைய சைக்கிளை அம்மா யாருக்கோ விற்றுவிட்டாள். எதற்கு விற்றாய் என்று அழுது இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். இவ்வளவு வருஷம் அம்மாவின் கஞ்சத்தனம் என்றுதான் அதை நினைத்திருந்தாள்.

"அதுக்கப்புறம்?" தபிதா கேட்டாள்.

"அதுக்கப்புறம் வரவே இல்ல. சத்தியமா வரல. பதினோரு வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் நீ தூங்கறப்ப வந்து பாத்துக்கினுதான் கீறேன்."

பதினோரு வருஷம் வராதது இனியும் வராது என்று நம்பலாம். நம்பித்தான் பிரேமலதா கையெழுத்துப் போட்டாள். ஆனால் நூற்றெண்பது பேர் என்று டாக்டர் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை. தபிதாவின் காதிலும் இப்போது அதுதான். பெங்களூரில் திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை நீட்டினால் அவள் பைலட். நீட்டாவிட்டால், ஒருவேளை, ரேணிகுண்டா கவுண்டர்.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. நைனா.

தபிதா எடுத்தாள். எதிர்முனையில் ஒரே சத்தம், யாரோ ஸ்வீட் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"உள்ள இருந்தேன் பாப்பா, போன எடுக்க முடியல. முடிஞ்சிதுடா. ரேகை, கையெழுத்து எல்லாம் ஆச்சி. பணம் பேங்குக்கு வந்துட்ச்சின்னு இப்பத்தான் மெசேஜ் வந்தது. ஸ்பீக்கர்ல போடுறேன், ரவி சாரும் உனக்கு வாழ்த்து சொல்லணும்றாரு. அம்மாகிட்ட குடு மொதல்ல."

தபிதா போனை அம்மாவின் காதில் வைத்தாள். அப்பாவின் குரல் வெளியிலும் கேட்டது. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன்.

"பிரேமா, பதினோரு வருஷம் கழிச்சி இன்னிக்காவது உண்மையச் சொன்னியே. அது போதும் எனக்கு."

பிரேமலதா கண்ணை மூடிக்கொண்டாள். தபிதா அம்மாவின் காதிலிருந்து போனை எடுத்தாள்.

"நைனா, ஸ்பீக்கர நிறுத்திட்டு வெளிய வா, தனியா. அம்மா சபையில சொன்னதெல்லாம் நெசம், இன்னிக்கித்தான் பொய் சொல்லியிருக்குது."